தாளிப்பை மட்டும் உறைய வைக்காதீர்கள்

2022 ஜூன் மாதம் என் மனைவிக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பொதுத்துறை வங்கி வேலை, பதவி உயர்வோடு வந்த மாற்றல், மறுக்க வழியில்லை. பள்ளிக்கரணை வீட்டில் நானும், 76 வயது அப்பாவும், பத்தாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த மகளும் மிஞ்சினோம். எனக்குச் சமையலே தெரியாது என்று சொல்ல முடியாது. ரசம் வைப்பேன், அப்பளம் பொரிப்பேன், அவசரத்துக்கு ஒரு எலுமிச்சை சாதம் கிளறுவேன். விருந்தாளி போலச் சமையலறைக்குள் போய் வருகிறவனுக்கு அது போதும். தினமும் காலை ஏழரைக்குள் இரண்டு டிபன் பாக்ஸும் அப்பாவுக்கு மதியச் சாப்பாடும் தயாராக வேண்டும் என்றால் அது வேறு சங்கதி.

முதல் மூன்று வாரம் பக்கத்துத் தெரு மெஸ்ஸிலிருந்து வாங்கினோம். அப்பாவுக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. மகள் வாய் திறந்து குறை சொல்லவில்லை, டப்பாவைப் பாதியோடு திருப்பிக் கொண்டுவந்தாள். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

"ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்" என்று மனைவி தொலைபேசியில் சொன்னாள். அவள் சொன்னது ஒன்று, நான் புரிந்துகொண்டது வேறு. ஒரு வாரத்துக்கான குழம்பு, குருமா, பொரியல் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்து வரிசையாக அடுக்கிவிட்டால் திங்கள் முதல் வெள்ளி வரை சுடவைத்துச் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த ஞாயிறு நான் செய்தவை: கத்தரிக்காய் சாம்பார், உருளைக்கிழங்குக் குருமா, மோர்க்குழம்பு, முட்டைக் குழம்பு, பீன்ஸ் பொரியல். காலை எட்டுக்கு ஆரம்பித்து மாலை மூன்றரை. எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாக்களில் நிரப்பி, பாதிச் சூட்டோடு, ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டிக்குள் திணித்தேன். மூடி சரியாகச் சாத்தவில்லை. ஒரு தட்டு தட்டிச் சாத்தினேன்.

செவ்வாய்க்கிழமை குருமாவை எடுத்துச் சூடாக்கினேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. கரண்டியால் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை அழுத்தியபோது, பாத்திரம் துடைக்கும் பஞ்சை அழுத்தினால் வருவதுபோல் அதிலிருந்து தண்ணீர் கசிந்தது. வாயில் போட்டால் ஈரமான மரத்தூள். புதன்கிழமை மோர்க்குழம்பு மேலே தெளிந்த நீரும் கீழே மணல் மணலான திப்பியுமாகப் பிரிந்து நின்றது. எவ்வளவு கலக்கினாலும் சேரவில்லை. முட்டையின் வெள்ளைக்கரு ரப்பர். பீன்ஸைப் பற்றிச் சொல்வதற்கில்லை, மகள் அதை "நனைந்த துணி" என்றாள். சாம்பார் ஒன்றுதான் ஓரளவு தேறியது. அதிலும் கத்தரிக்காய் கரைந்து காணாமல் போயிருந்தது. அதைவிட முக்கியமாக, சாம்பாருக்கு மணமே இல்லை. பெருங்காயம், கறிவேப்பிலை, கடுகு எல்லாம் போட்டுத்தான் இறக்கினேன். மூன்று நாள் பனிக்குள் இருந்துவிட்டு வந்தபோது எதுவும் பேசவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். காய்க்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். மெதுவாக உறையும்போது அந்தத் தண்ணீர் பெரிய பெரிய பனிப் படிகங்களாகி, காயின் திசுச் சுவர்களைக் கிழித்துவிடுகிறது. இளகும்போது கிழிந்த சுவர் வழியே தண்ணீர் வெளியேறுகிறது. வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறியவை, சேதமும் குறைவு. கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்ற அமெரிக்கர் 1910களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, அங்கே பனிக்கட்டி மேல் மீன் பிடிக்கும் இன்யூட் மக்கள் பிடித்த கையோடு கடுங்குளிர்க் காற்றில் மீனை உறைய விடுவதையும், மாதங்கள் கழித்து இளக்கினாலும் அது புதுமீன் போலவே இருப்பதையும் கண்டார். இன்று கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும் பச்சைப் பட்டாணிக்கும் மீனுக்கும் மூலம் அதுதான். நம் வீட்டுப் பெட்டிக்கு அந்த வேகம் கிடையாது. இரண்டு லிட்டர் குருமாவை ஆழமான டப்பாவில் வைத்தால் நடுப்பகுதி உறைய மறுநாள் காலை ஆகிவிடும். அதுவும் என் பழைய ஒற்றைக் கதவுப் பெட்டியில் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது −9 டிகிரி காட்டியது. உணவை மாதக்கணக்கில் வைக்க −18 டிகிரி செல்சியஸ் வேண்டும். மேல்பெட்டி ஐஸ் கட்டிக்கும் இரண்டு நாள் பாலுக்கும் உரியது, வேறொன்றுக்கும் இல்லை. அந்தத் தீபாவளிக்கு ஃப்ரீசருக்குத் தனிக் கதவு உள்ள, உள்ளே பனி கட்டாத ஃப்ரிட்ஜ் வாங்கினோம். இதில் ஈடுபட நினைக்கிறவர்கள் முதல் செலவாகச் சில நூறு ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ் வெப்பமானி வாங்கிவிட வேண்டும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

இதற்கிடையே அப்பாவின் எதிர்ப்பு. அவர் திருவல்லிக்கேணியில், ஐஸ் ஹவுஸுக்கு நாலு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவர். 1842இல், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைப் பாஸ்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. இப்போது விவேகானந்தர் இல்லம். "வெள்ளைக்காரனுக்குச் சாராயத்தில் போட்டுக்கொள்ள ஐஸ் தேவைப்பட்டது. நமக்கு எதற்கு? அன்றன்றைக்குச் சமைத்து அன்றன்றைக்குத் தின்ற வம்சம்" என்பார். இந்த வாதத்தில் பாதிதான் உண்மை. முந்தின நாள் மீன்குழம்புக்காக அதிகாலையிலேயே சட்டியைத் திறந்து பார்த்த மனிதர் அவர். எங்கள் பாட்டி புளிக்காய்ச்சலை எண்ணெய் மிதக்க ஜாடியில் ஊற்றி வைத்ததும், கோடையில் மோர்மிளகாயும் வற்றலும் காயப்போட்டதும், ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததும் எல்லாமே நாளைக்காக இன்றே செய்து வைத்ததுதான். இதை அவரிடம் சொன்னேன். "அதில் ஐஸ் இல்லையே" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆனால் அவர் பேச்சில்தான் எனக்கு வழியும் கிடைத்தது. பாட்டி எதையும் முழுச் சாப்பாடாக வைக்கவில்லை. புளிக்காய்ச்சலை வைத்தாள், புளியோதரையை வைக்கவில்லை. வற்றலை வைத்தாள், வற்றல்குழம்பை வைக்கவில்லை. நேரம் தின்னும் பாதியை முன்னரே முடித்து, மணம் தரும் பாதியைச் சாப்பிடும் நேரத்துக்கு விட்டுவைத்தாள். நம் சமையலில் அந்தப் பாதிகளுக்கு நடுவே தெளிவாக ஒரு கோடு இருக்கிறது. அதுதான் தாளிப்பு. பருப்பு வேகவும், வெங்காயம் வதங்கவும், மசாலா அரைபடவும் நேரம் ஆகும். தாளிக்க இரண்டு நிமிடம் போதும். உறைய வேண்டியது கோட்டுக்கு அந்தப்புறம் இருப்பது. தாளிப்பு, கொத்தமல்லி, எலுமிச்சை, பச்சைக் காய் ஆகியவை இந்தப்புறம்.

இதைப் பிடித்துக்கொண்ட பிறகு என் ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு இறங்கியது.

பருப்பிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரு கிலோ துவரம்பருப்பை மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் விட்டு, இரண்டு தடவையாகக் குக்கரில் குழைய வேகவைத்து மசித்துக்கொள்வேன். உப்பு சேர்ப்பதில்லை. அதே பருப்பு ஒரு நாள் சாம்பாருக்குப் போகும், மறுநாள் ரசத்துக்கோ கீரைக்கூட்டுக்கோ போகும், உப்புக் கணக்கு வெவ்வேறு. மூன்று பேருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் பருப்பு என்று வைத்தால் ஒரு கிலோவில் பத்துப் பங்கு. ஒவ்வொரு பங்கையும் ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, சப்பாத்திப் பலகை மேல் வைத்துக் கையால் தட்டித் தட்டி ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புவேன். தட்டையாக உறைந்தவற்றைப் பிறகு புத்தகம் போல நிற்க வைத்து அடுக்கலாம். உறைவதும் சீக்கிரம், இளகுவதும் சீக்கிரம். காலையில் எழுந்ததும் ஒரு கவரைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால், வரும்போது பருப்பு தயார். டப்பாவில் கட்டியாக உறைந்த பருப்பு அடுப்பில் அடிப்பிடிக்கும், நடுவில் ஐஸாகவே நிற்கும்.

அடுத்தது வெங்காயம் தக்காளி மசாலா. இரண்டு கிலோ பெரிய வெங்காயம், ஒன்றரை கிலோ தக்காளி, இஞ்சி பூண்டு. இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், இதில்தான் அதிக நேரம் மிச்சமும் ஆகும். பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும்வரை வதக்கி, எட்டுப் பங்காகக் கட்டுவேன். பட்டாணிக் குருமா, சென்னா மசாலா, முட்டைக் குழம்பு எதற்கும் இதுவே அடித்தளம். முட்டையை அன்றைக்கு வேகவைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். உருளைக்கிழங்கும் அப்படியே, குக்கரில் பத்து நிமிட வேலை. மசாலாவில் நீரைச் சுண்டவைத்து வைத்தால் இடமும் குறையும், ஐஸும் குறையும்.

தேங்காய் விஷயத்தில் ஒரு நுணுக்கம். துருவி டப்பாவில் அமுக்கி வைத்தால் மறுநாள் அது பாறை. சுத்தியல் தேவைப்படும். ஒரு முறை கத்தியால் கொத்தி எடுக்கப்போய் உள்ளங்கையில் இரண்டு தையல் போட்டுக்கொண்டேன். தாம்பாளத்தில் உதிரியாகப் பரப்பி ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அப்புறம் கவரில் கொட்டினால் பூப்போல உதிர்ந்தே இருக்கும். வேண்டிய அளவு கையால் அள்ளலாம். உறைந்த தேங்காய்த்துருவலை அரைத்தால் சட்னிக்கும் கூட்டுக்கும் குறையே தெரியாது. தேங்காய்ப்பால் மட்டும் பிரிந்துவிடும். கொதிக்கிற குழம்பில் கலக்குவதற்குப் பரவாயில்லை, ஆப்பத்துக்கு மேலே ஊற்ற உதவாது.

பச்சைப் பட்டாணியும் மொச்சையும் தை மாதத்தில் மலிந்து வரும்போது உரித்து வைப்பது என் பேராசை. இவற்றை அப்படியே உள்ளே போட்டால் சில வாரங்களில் நிறம் மங்கி, வைக்கோல் வாசனை வரும். காயில் உள்ள நொதிகள் குளிரில் நிற்பதில்லை, வேகம்தான் குறைகிறது. கொதிக்கும் நீரில் பட்டாணியை ஒன்றரை நிமிடமும், மொச்சையை இரண்டு மூன்று நிமிடமும் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டி, துணியில் நன்றாக ஈரம் ஒற்றி, தேங்காயைப் போலவே பரப்பி உறைய வைக்க வேண்டும். ஈரத்தைத் துடைக்கச் சோம்பினால் பட்டாணி மேல் பனி உடுத்திக்கொள்ளும். சித்திரை வெயிலில் மொச்சைக்குழம்பு வைத்த அன்று அப்பா ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மாவு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். இட்லி மாவை உறைய வைத்து இளக்கினால் அது மறுபடி எழும்பவில்லை, இட்லி தட்டையாக, அழுத்தமாக வந்தது. அதற்குப் பதிலாக இட்லியையே உறைய வைக்கலாம். சூடு ஆறியதும் தட்டில் தனித்தனியாக உறைய வைத்துக் கவரில் போட்டு, வேண்டும்போது நேராக இட்லிப் பானையில் எட்டு நிமிடம் ஆவியில் வைத்தால் அன்று ஊற்றிய இட்லிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இட்லிக்கென்றே நாக்கு படைத்தவர்களால்தான் முடியும். எங்கள் வீட்டில் மைக்ரோவேவ் கிடையாது, அந்த வேலையை இட்லிப் பானையே செய்கிறது. சோறு, சப்பாத்தி, கொழுக்கட்டை எல்லாம் அதில்தான் உயிர்பெறும். புளிக்க வேண்டிய தேவை இல்லாததால் அடை மாவு தாராளமாக உறையும். சப்பாத்தியை இரண்டு பக்கமும் லேசாக வாட்டி, பொன்னிறம் வருவதற்குள் எடுத்து, நடுநடுவே வெண்ணெய்த்தாள் வைத்து அடுக்கினால் காலையில் கல்லில் போட்டெடுக்க ஒரு நிமிடம். தாள் வைக்க மறந்தால் பத்துச் சப்பாத்தியும் ஒரே சப்பாத்தி.

மீனுக்கு வீட்டுப் பெண்கள் ரொம்ப நாளாகவே கையாளும் முறையைத்தான் நானும் பின்பற்றுகிறேன்: ஆய்ந்து கழுவிய மீன் துண்டுகளை டப்பாவில் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி அப்படியே கட்டியாக்குவது. தண்ணீர் கவசம் போல நின்று காற்றைத் தடுக்கிறது. காற்று பட்டால் மீன் வறண்டு வெளுத்து நார்போல ஆகிவிடும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும் என்பதை மறந்து விளிம்புவரை நிரப்பி ஒரு டப்பாவின் மூடியைப் பிளந்திருக்கிறேன். ரசத்துக்கென எடுத்துவைத்த புளிக்கரைசலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றியபோது பாட்டிலே போனது. கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

பெயர் எழுதி ஒட்டும் வழக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சில மாதம் எனக்கு எல்லாம் நினைவிருக்கும் என்ற நம்பிக்கை. உறைந்த பிறகு குழம்புகள் எல்லாம் ஒரே சாதி, பழுப்புக் கட்டி. வத்தக்குழம்பையும் புளிக்காய்ச்சலையும் பார்த்துப் பிரித்தவர் யாருமில்லை. அந்த வருட விநாயகர் சதுர்த்திக்கு வந்திருந்த மனைவி, மீந்த கடலைப்பருப்பு வெல்லப் பூரணத்தை ஒரு கவரில் தட்டையாகப் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான்தானே தட்டையாக வைக்கச் சொல்லிக் கொடுத்தவன்! ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, அரைத் தூக்கத்தில், மஞ்சளாகத் தெரிந்த ஒரு கவரை எடுத்துக் கொதிக்கிற புளித்தண்ணீரில் கவிழ்த்தேன். முருங்கைக்காய் வெந்துகொண்டிருந்தது. ஏலக்காய் மணம் வந்தபோதுதான் விழித்தேன். வேறு வழியில்லை, நேரமுமில்லை. மிளகாய்த்தூளைக் கூட்டி, தாளித்து இறக்கிவிட்டேன். மதியம் அப்பா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். "என்னடா, சாம்பார் உடுப்பி ஓட்டலில் வாங்கினாயா? நன்றாக இருக்கிறது" என்றார். மகள் மாலையில் வந்து டப்பாவைக் காலியாக நீட்டியபடி, "அப்பா, பாயசத்தில் எதற்கு முருங்கைக்காய்?" என்றாள்.

அன்று மாலையே காகிதப் பசைநாடாவும் கறுப்பு மார்க்கரும் வாங்கினேன். பெயர், தேதி, எத்தனை பேருக்கு என்ற மூன்றையும் கவரை நிரப்புவதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். குளிர்ந்து ஈரம் கோத்த கவரில் எதுவும் ஒட்டாது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளும் தொங்குகிறது. உள்ளே வைத்தால் ஒரு கோடு, எடுத்தால் அதன்மேல் ஒரு குறுக்குக்கோடு. பருப்பு, மசாலா எல்லாம் மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. அதற்குமேல் கெட்டுப்போகும் என்பதில்லை, சுவை மங்கும்.

மணத்தைப் பற்றி யாரும் எனக்கு எச்சரிக்கவில்லை. பெருங்காயம் ஃப்ரீசரில் வாய் பேசாது என்றேன் அல்லவா, தன் வீட்டில் பேசாதே தவிர அடுத்த வீட்டில் பேசும். மகளுக்கு எலுமிச்சைச் சாறு கலக்கிக் கொடுத்தபோது ஐஸ் கட்டியிலிருந்து சாம்பார் மணந்தது. மசாலாக் கவர்களை இரண்டு கவராகப் போடுகிறேன். ஐஸ் தட்டுக்கு மூடி வாங்கினேன்.

இனி சொல்லப்போவது சுவை சம்பந்தப்பட்டதல்ல, உடம்பு சம்பந்தப்பட்டது. குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. வெளியே எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே உள்ளே போகும்போது உணவு எந்த நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம். முதல் ஞாயிறு நான் செய்ததுபோல் சூட்டோடு திணித்தால் பக்கத்தில் உள்ள பொருள்கள் இளகும். "ஆறட்டும்" என்று மேடையிலேயே மாலைவரை விட்டாலும் தப்பு. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர வேண்டும், சென்னையின் மே மாத வெயிலில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அகலமான தாம்பாளத்தில் பரப்பி, அதைத் தண்ணீர் நிரப்பிய பெரிய பேசினுக்குள் வைத்து அவ்வப்போது கிளறினால் இருபது நிமிடத்தில் ஆறிவிடும். அம்மா பால் ஆற்றிய முறைதான். சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. சோற்றை வடித்த கையோடு பரப்பி ஆற்றி உறைய வைக்க முடியாதென்றால் வைக்கவே வேண்டாம், குக்கரில் அரிசி வைப்பது பெரிய வேலையா என்ன? இளக்குவதும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ராத்திரி முழுக்க, அல்லது குளிர்ந்த தண்ணீரில், அல்லது நேராக அடுப்பில். மேடைமேல் வைத்துவிட்டு அலுவலகம் போகிற பழக்கம் வேண்டாம்.

இந்தப் பாடத்தை முழுதாகக் கற்றது மிக்ஜாம் புயலில். 2023 டிசம்பர் 3ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை கொட்டுகிறது என்று உற்சாகத்தில் வழக்கத்தைவிட அதிகமாகச் செய்து பெட்டியை நிரப்பினேன். மனைவி திருநெல்வேலியில். அன்று இரவே மின்சாரம் போனது. 4ஆம் தேதி காலை இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெருவைக் காணவில்லை, கார்களின் கூரைகள் மட்டும் தெரிந்தன. எங்கள் பக்கம் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதி, தண்ணீர் வருவது சீக்கிரம், வடிவது தாமதம்.

நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிரைக் காக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அப்பா "என்ன ஆயிற்று பார்" என்று சொல்லச் சொல்ல முதல் நாளே மூன்று முறை திறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை மேலே இருந்த கவர்கள் வளையத் தொடங்கின. நடுவில் இன்னும் ஐஸ் இருந்தது. படிகம் மிச்சமிருக்கும்வரை ஆபத்தில்லை, உடனே சமைத்துவிடலாம். கேஸ் சிலிண்டர் இருந்தது. பருப்பு ஒன்பது பங்கு, மசாலா ஏழு, மீன் ஒரு கட்டி. எங்கள் தளத்தில் நாலு வீடு, மேல்தளத்தில் நாலு வீடு, கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து மேலே ஏறி வந்திருந்த இரண்டு குடும்பங்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்டா நிறையச் சாம்பார் வைத்தேன். எதிர்வீட்டு அக்கா அரிசி கொண்டுவந்தார். மேல்வீட்டுப் பையன் அப்பளக் கட்டோடு இறங்கி வந்தான். மாடிப்படியில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். அப்பா, அது ஃப்ரீசர் பருப்பு என்று ஒருவரிடமும் சொல்லக் கூடாது என எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, கரண்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு பரிமாறினார்.

மீன் மட்டும் போனது. கட்டியின் மேல்பாதி தண்ணீராகி வெதுவெதுப்பாக இருந்தது. மனம் வரவில்லை, தூக்கிப் போட்டேன். முகர்ந்து பார்த்து முடிவெடுப்பது மீனில் சரிப்படாது, நாற்றம் வருவதற்கு முன்பே அது கெட்டிருக்கும்.

புயலுக்குப் பிறகு ஒரு வழக்கம் சேர்ந்தது. சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, ஐஸ் மேல் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பெட்டியின் ஓரத்தில் விட்டிருக்கிறேன். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. கிண்ணத்தின் அடிக்குப் போய் உறைந்திருந்தால், நாம் இல்லாதபோது மின்சாரம் நீண்ட நேரம் போய் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். எதையும் யோசிக்காமல் கொட்டிவிடலாம்.

போன வருடம் மனைவிக்குச் சென்னைக்கே மாற்றல் கிடைத்தது. வந்த முதல் ஞாயிறு ஃப்ரீசரைத் திறந்து, நிற்க வைத்த கவர்களை நூலகத்தில் தேடுவதுபோல் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். "பருப்பில் உப்பு போடவில்லையா?" என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். "நான் போடுவேன்" என்றாள். இப்போது கவர்களில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. "உப்பு உண்டு", "உப்பு இல்லை" என்றும் ஒரு வரி கூடியிருக்கிறது.

எனக்கு இன்னும் வசப்படாதது வாழைப்பூ. ஆய்வதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், அதனாலேயே அது இந்தப் பெட்டிக்குள் வந்தாக வேண்டும். பச்சையாக வைத்தேன், கறுத்தது. மோரில் ஊறவைத்துப் பிழிந்து வைத்தேன், கறுப்பு குறைந்தது, புளிப்பு ஏறியது. இந்த முறை மஞ்சள்தூளும் துளி மோரும் கலந்த நீரில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, பிழிந்து, கைப்பிடி கைப்பிடியாக உருட்டி வைத்திருக்கிறேன். புதன்கிழமை பருப்பு உசிலிக்கு எடுக்க வேண்டும். அப்பா இப்போதே இரண்டு முறை கேட்டுவிட்டார்.